தலை நிற்காத வயதில் ஒரு படம்

இரண்டாம் பி.எஸ்சி., இயற்பியல்

எங்கள் செவிலிமேட்டில் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால், சுவரில் மாட்டிய சட்டங்களுக்கிடையே ஒருவகைப் படத்தைப் பெரும்பாலும் காணலாம். ஸ்டுடியோ மேசை விரிப்பின்மேல், அரைஞாணும் கன்னத்தில் மைப்பொட்டும் தவிர வேறொன்றும் அணியாத குழந்தை, குப்புறக் கிடந்து தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்க்கும். அப்படம் எடுக்கக் குழந்தைக்கு நான்கைந்து மாதமேனும் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் குழந்தைக்குத் தலை நிற்பதில்லை. முன்கூட்டியே படம் எடுத்தால் ஆயுள் குறையும், கண்ணேறு படும் என்று பாட்டிமாரும் தடுத்து வந்தனர்.

இன்றோ பிறந்து பத்தே நாளான சிசு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரு உள்ளங்கைகளிலும் மோவாயைத் தாங்கி, தவளைபோல் அமர்ந்து உறங்கும் படங்கள் கைபேசிதோறும் உலவுகின்றன. தலை நிற்காத குழந்தை தன் தலையைத் தானே தாங்குவது எங்ஙனம்? பார்ப்போர் பலருக்கு இந்த ஐயமே எழுவதில்லை. எழ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எடையைப் பார்ப்போம். வளர்ந்த மனிதனின் உயரத்தில் தலை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. அத்துணைப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை. பொருளின் எடைமையம் மேலே இருந்து, தாங்கும் அடிப்பரப்பு சிறுத்திருந்தால் அது கவிழும் என்று பள்ளியிலேயே படித்தோம். இரு பிஞ்சுக் கைகளின்மேல் நிற்கும் தலைக்கும் விதி அதுவே. ஆகவே அந்தப் படம் ஒரு படமன்று, இரண்டு. ஒன்றில் உதவியாளர் குழந்தையின் உச்சந்தலையைப் பிடித்திருப்பார். மற்றதில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். ஒரு கணமேனும் குழந்தை பிடியின்றி இருப்பதில்லை. பின்னர்க் கணினியில் இரண்டையும் இணைத்து, கைகளை அழித்துவிடுகிறார்கள்.

இவ்வாறு கையை மறைப்பது புதிதும் அன்று. 1839-இல் டாகுரே தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது, ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. பின்னர் அது விநாடிக்கணக்கில் குறைந்தபோதும் குழந்தை அத்தனை நேரம் அசையாதிருக்குமா? அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாயை நாற்காலியில் அமர்த்தி, தலைமுதல் கால்வரை துணியால் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தனர். திரைச்சீலை போர்த்திய நாற்காலி போலத் தோன்றும் அப்படங்களை உற்றுநோக்கினால், துணிக்கடியில் ஒரு பெண் உருவம் தெரியும். பின்னாளில், ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடிஸ் என்னும் கலைஞர், பூவிலும் இலையிலும் குழந்தைகளைப் பொதிந்தாற்போல் எடுத்த படங்கள், குறிப்பாக 1996-இல் வெளிவந்த ‘டவுன் இன் த கார்டன்’ என்ற நூல், உலகெங்கும் இந்த ஆசையைப் பரப்பின.

இந்த ஆசை எங்கள் வீட்டிற்கும் வந்தது. என் அக்காவிற்கு மகன் பிறந்த பதினோராம் நாள், புகைப்படக் கலைஞர் ஒருவர் உதவிக்கு ஒரு பெண்மணியுடன் வந்தார். முதல் இரு வாரங்களுக்குள் எடுப்பதே வழக்கம் என்றார். அந்நாட்களில் குழந்தை ஆழ்ந்து உறங்கும். கருவறையில் இருந்தவாறே கைகால்களை மடக்கிக் கொள்ளும். ஆயினும் சிறு ஓசைக்கும் கைகளை விரித்துத் திடுக்கிடும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் 1918-இல் விளக்கியதால் அவர் பெயரையே பெற்ற அனிச்சைச் செயல் இது. துணியால் இதமாகச் சுற்றினால் அது அடங்கும்.

அவர் வீடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தறி இருக்கும் அறையைத் தேர்ந்தார். இழை தெரிவதற்காக வைத்த சன்னல் அங்கே உண்டு. அதன் குறுக்கே அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டினார். ஒளி வரும் பரப்பு அகன்றும் அருகிலும் இருந்தால் நிழலின் விளிம்பு மென்மையாகும். வேட்டி அந்தப் பரப்பாயிற்று. உச்சியிலிருந்து மோவாய் நோக்கி ஒளி விழுமாறு குழந்தையைத் திருப்பினார். மாறி விழுந்தால் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறி முகம் விகாரமாகும்.

அக்காவிற்குத் தன் கூறைப்பட்டில் மகனைச் சுற்ற வேண்டும் என்று ஆசை, அப்பா நெய்தது. உதவிக்கு வந்த பெண்மணி மறுத்துவிட்டார். சரிகை என்பது பட்டிழையின்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. பிஞ்சுத் தோலைக் கீறும். பட்டைக் கீழே விரித்து, அதன்மேல் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணியிட்டு, கரை மட்டும் தெரியும்படி படுக்கவைத்தார். வெளிநாட்டுக் குறிப்புகளில் அறையைச் சூடாக்கும் கருவி வேண்டும் என்று படித்திருந்தேன். உடல் எடைக்குத் தோற்பரப்பு மிகுதியாதலால் சிசு விரைவில் வெப்பம் இழக்கும். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக் கொள்ளவும் அதற்கு இயலாது. அது உண்மையே. ஆனால் காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில் நாம் அஞ்ச வேண்டியது வியர்வைக்கு!

நான் அதிகம் கவனித்தது அந்தப் பெண்மணியைத்தான். அவர் ஒருமுறைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. மோவாய் மார்பில் அழுந்துகிறதா என்று பார்த்தார். அழுந்தினால் மூச்சுக்குழல் குறுகும். மடக்கிய கால் கருநீலமாகிறதா என்று பார்த்தார். ஆனால் இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள், உடனே நீட்டிவிட வேண்டும். எங்கள் உறவில் ஒருவர் இப்படங்களைக் கண்டு, தாமே கைபேசியில் எடுக்க முயன்று, குழந்தையின் கைகளை மோவாய்க்குக் கீழ் வைத்துவிட்டுப் பிடியை விட்டார். தலை முன்னே சாய்ந்து முகம் மெத்தையில் புதைந்தது. அருகிலிருந்த பாட்டி வாரி எடுத்ததால் தீங்கில்லை. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த படத்தில் கை இல்லையே!

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் படரும்; பெரும்பாலும் தானே மறையும், சிலருக்கு மிகுந்து மூளையையே பாதிக்கும். கணினியில் மஞ்சள் நிறத்தை அழிப்பது எளிது. அதை முதலில் காண்பவர் புகைப்படக்காரராயின், அழிப்பதற்குமுன் தாயிடம் சொல்வதே முறை. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்னும் செவிலி, வெயிலில் வைத்த குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதைக் கண்டு மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்தே நீலநிற ஒளிச் சிகிச்சை பிறந்தது. 1958-இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. (அதற்காக நாமே வெயிலில் கிடத்துவது சிகிச்சையாகாது.) பெயரிலேயே செவிலியைக் கொண்ட ஊரில் பிறந்த எனக்கு அவர் கண்ணை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

படங்கள் பத்து நாள் கழித்து வந்தன. தவளைப் படத்தை அப்பா சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இணைவதை நாற்பதாண்டுகளாக நெய்பவர். மறுபுறம் அமர்ந்து கரைநாடா தள்ளும் துணையாள் இன்றி அது இயலாது என்பதும் அவருக்குத் தெரியும். கடைசியில் குழந்தையின் இடது மணிக்கட்டருகே விரலை வைத்து, “இங்கேதான் சேர்த்திருக்கிறான். அந்த அம்மா கை இங்கே இருந்தது” என்றார்.