ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பவர்கள்

கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டில் பெண் அழைப்பு என்றால், பத்திரிகை கிடைக்காதவருக்கும் அது எந்தத் தெருவில் என்று தெரிந்துவிடும். எங்கள் பேஸ் டிரம் செஞ்சி சாலை வரை கேட்கும். நான் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். அப்பா கிளாரினெட். காது குத்து, கல்யாணம், சாமி ஊர்வலம், ஆடிக் கிருத்திகைக் காவடி, கடைசியில் சாவு என்று ஒரு மனுசனின் ஆயுசு முழுக்க எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனாலும், "அது வெள்ளைக்காரன் வாத்தியம்தானே" என்று படித்தவர்களே சொல்லும்போது எனக்குப் பொறுப்பதில்லை. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். முத்துசாமி தீட்சிதர் மணலியில் தங்கியிருந்த காலத்தில், சென்னைக் கோட்டையில் கும்பினிப் படையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டு சுவரம் என்று பாட்டு கற்கும் பிள்ளைகள் இன்றும் பாடுவது அதைத்தான். எங்கள் அண்ணாமலையார் மேல் சாரங்கா ராகத்தில் 'அருணாசலநாதம்' செய்தவரும் அவரே. அவருக்கு அந்நியமாகப் படாத சத்தம் நமக்கு ஏன் படவேண்டும்? கிளாரினெட் பின்னாளில் சதிர் ஆட்டத்துக்கு வாசித்தது, கச்சேரி மேடையும் ஏறியது. திருச்சி ஏ.கே.சி. நடராஜனை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று கொண்டாடியவர், நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை.

எங்கள் வரிசையிலும் பாட்டை எடுத்துக் கொடுப்பது கிளாரினெட்தான். துளையைப் பாதி மூடிப் பாதி திறந்தால் அதில் கமகம் வரும். டிரம்பெட்டில் இருப்பது மூன்றே பொத்தான். பொத்தானைப் பாதி அழுத்தி, மீதியை உதட்டால் வளைக்க வேண்டும். 'மருதமலை மாமணியே' மாதிரி ஒரு பாட்டை நடந்துகொண்டே அப்படி ஊதினால், முடிக்கும்போது உதடு மரத்துப்போகும். அடியில் யூபோனியம் சுருதியைத் தாங்கும். சைடு டிரம்காரர் கண் எப்போதும் மாஸ்டர் கைமேல் இருக்கும். நோட்டுப் புத்தகம் கிடையாது. எல்லாம் காதால் பிடித்தது.

கார்த்திகையில் பனி இறங்கினால் பித்தளை குளிர்ந்து சுருதியும் இறங்கிவிடும். அதனால் பாட்டுக்குப் பாட்டு நடுவில் வெறும் மூச்சைக் குழலுக்குள் விட்டுச் சூடாக்கிக்கொண்டே இருப்போம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சும்மா நிற்பதாகத் தெரியும்.

எங்கே ஊதக்கூடாது என்பதும் தொழில்தான். துக்க வீடு இருக்கும் தெருவில் கல்யாண ஊர்வலம் திரும்பினால் மாஸ்டர் கையை இறக்குவார். அந்த வீட்டைத் தாண்டும்வரை டிரம் மட்டும் மெதுவாகப் போகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எந்த வீட்டில் என்ன என்று எங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வண்டியில் வரும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அது தெரியாது.

பெரிய மேளம் என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் தோல் மேளக்காரர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். சாவுக்கு வாசித்தவர் என்பதால் அவர்களையும் எங்களையும் பந்தியில் கடைசியாக உட்காரவைத்த வீடுகள் உண்டு. அப்பா அப்படிச் சாப்பிட்டிருக்கிறார். நான் சாப்பிடுவதில்லை, முதல் பந்தியில் இடம் என்று பேசிய பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன்.

கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கப் போகிறோம். இப்போது செண்டை மேளம் கேட்கிறவர்கள் அதிகம், எங்கள் தேதிகள் குறைந்திருக்கின்றன. ஆனாலும் மீரட்டில் செய்த பழைய டிரம்பெட் ஒன்றை எங்கள் தெருப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். "அண்ணே, போன்ல பாத்து ஊதிட்டேன்" என்கிறான். முதலில் சரளி வரிசை ஊது என்று சொல்லியிருக்கிறேன். மூச்சு நன்றாக இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அவனை வரிசையில் நிறுத்திவிடலாம்.