பல்குத்தும் குச்சியும் ஒரு ஆர்க்கிட்டும்

கல்யாண வரவேற்பு முடிந்து மேடையைக் கலைக்கும்போது, அண்ணன் மகள் அலங்காரத்திலிருந்து ஒரு கொத்து ஊதா ஆர்க்கிட்டை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் காலை டீயோடு அதையும் என் முன்னால் வைத்து, "சித்தப்பா, இதுல மகரந்தத்தையே காணோமே" என்றாள். பள்ளியில் செம்பருத்தியைப் பிய்த்துப் படம் வரைந்தவள். விரலில் ஒட்டும் மஞ்சள் பொடி இதில் இல்லைதான்.

மேடைக்கு வருவது பெரும்பாலும் டென்ட்ரோபியம் வகை. வெளியே மூன்று, உள்ளே மூன்று என்று ஆறு இதழ்கள். உள்ளே இருப்பதில் ஒன்று மட்டும் ஓரங்கள் சுருண்டு, நாக்கு மாதிரி முன்னால் நீண்டிருக்கும். அதற்கு உதடு என்று பெயர். வரும் பூச்சிக்கு அதுதான் திண்ணை. பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டுக்குள் உதடு மேல்பக்கம்தான் இருக்கிறது. விரியும் நேரத்தில் காம்பு அரைச்சுற்று முறுக்கி அதைக் கீழே கொண்டுவந்துவிடும்.

உதட்டுக்கு மேலே குட்டையாக ஒரு தூண். ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாய் ஒட்டியது அது. நுனியில் ஒரு தொப்பி, அதற்குள் மகரந்தம். கொஞ்சம் கீழே, தூணின் அடிப்பக்கத்தில், பசை கசியும் ஒரு குழி. அது பெண் பாகம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தடுப்பு.

பல்குத்தும் குச்சி ஒன்றைக் கொடுத்து, "உள்ளே விட்டு, தூணை உரசினாப்ல மெல்ல வெளியே இழு" என்றேன். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை தொப்பி தெறித்து, கடுகிலும் சின்னதாய் மஞ்சள் திரள்கள் குச்சியில் ஒட்டிக்கொண்டன.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். அந்தப் பூவின் மொத்த மகரந்தமும் அவள் குச்சி நுனியில் இருந்தது. தேனீ உள்ளே போய்த் திரும்பும்போது முதுகு அந்தத் தடுப்பில் உரசும். அங்கே பசை பூசிக்கொள்ளும், மகரந்தப் பொட்டலம் அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவின் பசைக்குழி அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். ஆர்க்கிட் காய் ஒன்றில் தூசி போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்துகள் வேண்டும். பொடியாகத் தூவி அனுப்பினால் அத்தனையும் போய்ச் சேருமா? அதனால்தான் மூட்டை கட்டி அனுப்புகிறது. நம் ஊர் எருக்கம்பூவும் மகரந்தத்தை மூட்டைதான் கட்டுகிறது. இரண்டும் உறவே இல்லாத குடும்பங்கள்.

1862-இல் டார்வின் ஆர்க்கிட்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஆர்க்கிஸ் மாஸ்குலா என்ற பூவுக்குள் பென்சிலை விட்டு இழுத்தார். பொட்டலம் கொம்பு மாதிரி பென்சிலின் மேல் நிமிர்ந்து நின்றது. அரை நிமிஷத்தில் தானாகவே முன்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தே இருந்தால் அடுத்த பூவில் அது மகரந்தப் பையில்தான் போய் முட்டும். சாய்ந்தால் நேராகப் பசைக்குழி. சாயும் வரை ஆகும் நேரத்தில் பூச்சி வேறு செடிக்குப் போயிருக்கும். இதைப் படித்த அன்று என் டீ ஆறியே போனது.

அதே பூவில் டார்வின் சறுக்கினார் என்பது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. அதில் தேன் கிடையாது; சும்மா ஆசைகாட்டும் பூ என்று 1793-லேயே ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் எழுதிவிட்டார். தேனீக்கள் அவ்வளவு ஏமாளிகளா, பூவின் உள்சுவருக்குள் ஏதாவது சாறு இருக்கும் என்று டார்வின் சாதித்தார். ஸ்ப்ரெங்கல் சொன்னதே சரி. தேனீ சீக்கிரம் சுதாரித்துக்கொள்ளும்தான். ஆனால் பொட்டலத்தை எடுக்க ஒரு தடவை, சேர்க்க ஒரு தடவை, இரண்டு முறை ஏமாந்தால் பூவுக்குப் போதும்.

இதற்குள் அண்ணன் மகள் குச்சியிலிருந்ததைப் பக்கத்துப் பூவின் குழியில் ஒட்டிவிட்டாள்.

"இனி என்ன ஆகும் சித்தப்பா?"

"அது சீக்கிரம் வாடிடும். மத்ததெல்லாம் இன்னும் சில நாள் காத்துக்கிட்டு நிக்கும்."

காலி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொத்தைச் செருகினாள். ஒட்டிய பூவின் காம்பில் ஒரு நூலையும் கட்டி வைத்தாள்.