ரோட்டோரம் கிடந்த வீராணம் குழாய்கள்! கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் உள்ள வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோக 1960-களின் கடைசியிலேயே திட்டம் போட்டார்கள். 1970-களில் அது பாதியில் நின்றது. ராட்சத சிமெண்டு குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்தன. அதற்குள் குடும்பம் நடத்தியவர்களும் உண்டு!

2004-ல்தான் புதிய வீராணம் வந்தது. இந்தத் தடவை இரும்புக் குழாய். தினம் 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டம்.

இப்போது செயற்கை அறிவு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. புதுத் திட்டத்தின் விவரத்தைக் கொடுத்தால், அதே ஜாடையில் உள்ள பழைய பைல்களைத் தேடி எடுத்து, "இங்கேதான் தாமதம், இங்கேதான் செலவு ஏறியது" என்று காட்டும்.

ஆனால் பைலில் எழுதியிருந்தால்தானே? "பணி நிறுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்! காரணம் ரிட்டையர் ஆன என்ஜினீயரோடு வீட்டுக்குப் போயிருக்கும். வேலையில் இருக்கும்போதே அவரிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.