சென்செக்ஸுக்கு உங்க ரிடையர்மென்ட் தேதி தெரியுமா?

"என்ன ஸார், மார்க்கெட் எப்படி?"

காலையில் சீட்டில் உட்காருவதற்கு முன்பே இப்படிக் கேட்கும் ஆசாமி எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் உண்டு. அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: "யாருக்கு ஸார்? எனக்கா, உங்களுக்கா?"

அவருக்கு 57, உங்களுக்கு 28. மார்க்கெட் ஒன்றுதான், கதை வேறு.

1992-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹர்ஷத் மேத்தா கொடிகட்டிப் பறந்த நேரம். 1991 தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்த சென்செக்ஸ், 1992 ஏப்ரலில் 4,467! அப்போது 'பி.இ.' என்ற கணக்கு 50-ஐத் தாண்டியிருந்தது. பயப்படாதீர்கள், சுலபமான கணக்குதான். ஷேருக்கு ஒரு ரூபாய் லாபம் பண்ணும் கம்பெனியை ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம். ஐம்பது வருஷ வாடகையை மொத்தமாக எண்ணிக் கொடுத்து ஒரு வீட்டை வாங்குவீர்களா? ஜனங்கள் வாங்கினார்கள். பேங்க் பணத்தில் விளையாடிய ஊழல் வெளியே வந்தது. டமால்!

1994-ல் கொஞ்ச நாள் பழைய உயரத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சறுக்கல். 2003 ஏப்ரலில் சென்செக்ஸ் எவ்வளவு தெரியுமா? மூவாயிரத்துக்கும் கீழே. பதினோரு வருஷம் ஸார்! 92 உச்சத்தில் மொத்தச் சேமிப்பையும் போட்டுவிட்டு 2003-ல் ரிடையரானவருக்கு டிவிடெண்டும் பெருமூச்சும்தான் மிச்சம்.

ஆனால் அந்த மந்தமான வருஷங்களில் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல ஷேர்களை வாங்கி விற்காமல் வைத்திருந்த பையன்? 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000. 'இன்னும் ஏறும்' என்று காத்திருந்தவர்களுக்கு அதே வருஷம் அக்டோபரில் 9,000-க்கும் கீழே காட்டியது என்பது தனிக் கதை.

2020 மார்ச் 23. கொரோனா பயத்தில் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் காலி. அந்த 31-ம் தேதி ரிடையரானவரை நினைத்துப் பாருங்கள். நவம்பருக்குள் பழைய உச்சம் திரும்பிவிட்டது, வாஸ்தவம். எட்டு மாசம்தானே என்பீர்கள். அந்த வருஷம் கல்யாணங்கள்கூடக் காத்திருந்தன. பால்காரரும் ஆஸ்பத்திரி பில்லும் காத்திருக்கவில்லை.

அதனால்தான் 53, 54 வயசிலேயே, ஏறியிருக்கும் சமயம் பார்த்து, ஐந்தாறு வருஷ வீட்டுச் செலவை ஷேரிலிருந்து பேங்க் டெபாசிட், போஸ்ட் ஆபீஸ் என்று நகர்த்திவிடுவது நல்லது என்பது என் கட்சி. 28 வயசுக்காரருக்கு விழும் மார்க்கெட் ஆடித் தள்ளுபடி மாதிரி. மாசம் ஒரு தொகையை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். டீக்கடை டிப்ஸை நம்பி ஒரே கம்பெனியில் கொட்டாதீர்கள். தொண்ணூறுகளில் ஜனங்களிடம் பணம் வசூலித்துவிட்டு மாயமான கம்பெனிகளுக்கு அரசாங்கமே பட்டியல் போட வேண்டியிருந்தது.

இன்னொன்று. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை உருவி பைக் வாங்குகிறோமே, அந்த நஷ்டத்தை எந்த மார்க்கெட்டாலும் நமக்குக் கொடுக்க முடியாது!

"ஷேர் சகவாசமே வேண்டாம்ப்பா, எனக்கு பி.எஃப். போதும்" என்கிறார் பக்கத்து சீட்காரர். 2015 முதல் பி.எஃப். பணத்திலும் ஒரு பங்கு சென்செக்ஸ், நிஃப்டி ஃபண்டுகளுக்குப் போகிறது என்று சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.