நெய்வேலிச் சுரங்க மீள்நிலத்தில் மண் இறுக்கம்

புதுச்சேரிக்குத் தென்மேற்கேயுள்ள நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியின்மீது படிந்த மண்ணும் மணற்கல்லும் அகற்றப்பட்டு, அகழ்ந்த குழியிலேயே பின்னர் நிரப்பப்படுகின்றன. நிரப்பிய பரப்பைச் சமன்செய்யும் கனரக எந்திரங்களின் எடையால், நீரும் காற்றும் புகும் பெருந்துளைகள் நசுங்குகின்றன. களிமண்ணின் பரும அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராமைக் கடந்தால் வேர் கீழிறங்குவது அரிது. மேலே தொழுவுரமிட்டு மரக்கன்று நடுவது பரப்பைப் பசுமையாக்கும், அடியிறுக்கத்தைத் தளர்த்தாது. மரத்தோப்பன்றி விளைநிலமே மீள வேண்டுமெனில், அரை மீட்டர் ஆழம்வரை உளிக்கலப்பையால் கிழிப்பதே முதற்பணி. அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், மண் உலர்ந்திருக்கும் கோடையில் நிகழவேண்டும். ஈரக்களிமண் பிளவுறாது, மெழுகியதுபோல் மேலும் மூடிக்கொள்ளும். உழவரின் கோடையுழவும் இக்காலத்ததே. ஆழம் மட்டுமே வேறு. மழையில் பிளவுகள் தூர்ந்துபோகாதிருக்கச் சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை உடன் விதைத்தல் நன்று. அதன்பின் அந்நிலத்தில் கனரக வண்டிகளை ஓட்டலாகாது.