மாடு சிவப்பைக் கண்டால் முட்டுமா?
டிவி பார்த்து நாங்கள் கற்ற பாடம்



சென்ற மாதம் கூட்டமைப்பு வேலையாக எங்களில் மூன்று பேர் சென்னைக்குப் போயிருந்தோம். கோபாலபுரத்தில் எங்கள் பொருளாளரின் அண்ணன் வீட்டில் இரவு தங்கினோம். சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் சீரியல் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், ரிமோட் பிள்ளைகள் கையில்! அவர்கள் போட்டிருந்தது ஒரு பழைய வெளிநாட்டு நிகழ்ச்சி. திரையில் ஒரு பெரிய காளை நின்றது.

"அத்தை, முதல்ல நீங்க சொல்லுங்க. மாடு சிவப்பைப் பார்த்தா முட்டுமா, முட்டாதா?" என்று அண்ணன் மகள் கேட்டாள்.

"முட்டும். இதைப் போய்க் கேட்கணுமா? சிவப்புச் சேலை கட்டிக்கிட்டு காளை பக்கத்துல போகாதேன்னு எங்க ஆயாவே சொல்லும்" என்றோம். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்.

"அப்போ பாருங்க" என்று அவள் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னாள்.

முதலில் சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று கொடிகளை நட்டார்கள். காளை மூன்றையும் முட்டியது. நிறம் பார்க்கவில்லை. அடுத்து, சிவப்பு உடை போட்ட ஒருவர் அசையாமல் நின்றார். வேறு இருவர் அங்குமிங்கும் ஓடினார்கள். காளை சிவப்பு உடைக்காரரை விட்டுவிட்டு, ஓடியவர்களைத்தான் துரத்தியது!

காரணம் இதுதான். நிறங்களைப் பிரித்துப் பார்க்க நம் கண்ணில் மூன்று வகை செல்கள் இருக்கின்றன. மாட்டின் கண்ணில் இரண்டு வகைதான். சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் மாட்டுக்குத் தெரியாது. அதை உசுப்பிவிடுவது அசைவு. ஆயா சொன்ன எச்சரிக்கை சரி, காரணம்தான் வேறு. (இதை யாரும் ஊர்க் காளையிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்!)

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'மித்பஸ்டர்ஸ்'. கட்டுக்கதைகளை உடைப்பவர்கள் என்று பொருள். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆடம், ஜேமி என்ற இரண்டு பேர் 2016 வரை இதை நடத்தினார்கள். காளைச் சோதனை 2007-ல் வந்தது. அவர்கள் இருவரும் விஞ்ஞானிகள் அல்ல, சினிமாவுக்கு மாயக்காட்சி வேலைகள் செய்து கொடுத்த பட்டறைக்காரர்கள். "நாங்களே செய்து பார்க்கிறோம்" என்று இறங்கினார்கள். தவறாகச் செய்துவிட்டால் அதையும் மறைக்காமல் காட்டினார்கள். சிரித்துக்கொண்டே பார்த்தோம். ஆனால் படுத்த பிறகு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், ஒரு பவுடர்.

பவுடர் வாங்கிய கதை

போன வருடம் எங்கள் பகுதிக்கு ஒருவர் பைக்கில் வந்தார். "இந்தப் பவுடரைத் தீவனத்தில் கலந்து வைங்க, பால் தானா கூடும்" என்றார். ஒரு பாக்கெட் 450 ரூபாய். முதலில் ஒரு சகோதரி வாங்கினார். பத்து நாளில், "என் மாடு ரெண்டு லிட்டர் கூடக் கறக்குதுக்கா" என்று குழுக் கூட்டத்திலேயே சொன்னார். அவ்வளவுதான், ஏழு பேர் உள்கடன் எடுத்து வாங்கினார்கள். தீர்மான நோட்டில் 'கறவை மாடு பராமரிப்பு' என்று எழுதிக் கடன் கொடுத்ததும் நாங்கள்தான்.

ஏழு பேரில் யாருக்கும் சொல்லும்படி பால் கூடவில்லை. பைக்காரர் மறுபடி வரவில்லை. வட்டியோடு தவணை மட்டும் மாதாமாதம் வந்தது.

முதல் சகோதரி பொய் சொல்லவில்லை. அவர் மாட்டுக்குப் பால் கூடியது உண்மை. ஆனால் அந்த மாடு கன்று போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கன்று போட்ட மாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் வரை பால் தானாகவே ஏறும், பிறகு மெதுவாகக் குறையும். இது நமக்கே தெரிந்த விஷயம். அத்தோடு அந்த வாரம் நல்ல மழை. பச்சைப்புல் தாராளமாகக் கிடைத்தது. ஆக, கன்று, மழை, பவுடர் மூன்றும் ஒன்றாக வந்தன. பெயர் வாங்கியது பவுடர்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலன் இல்லை என்று முதலில் தெரிந்துகொண்டவர் வாயைத் திறக்கவில்லை. "ஏமாந்துட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்று பிறகு சொன்னார். அவர் அன்றே சொல்லியிருந்தால் நாலு பேர் பணமாவது மிஞ்சியிருக்கும்.

காளைக்காரர்கள் செய்ததை நாம் செய்திருக்கலாமே! கொடிகளில் நிறத்தை மட்டும் மாற்றினார்கள், மற்றதை மாற்றவில்லை. அதேபோல, ஒரே மாட்டுக்குப் பத்து நாள் பவுடர் இல்லாமல், பத்து நாள் பவுடரோடு, மறுபடி பத்து நாள் இல்லாமல், அதே தீவனம் வைத்து, சொசைட்டியில் ஊற்றும் அளவை தினமும் எழுதியிருக்கலாம். ஒரு பாக்கெட்டிலேயே உண்மை தெரிந்திருக்கும். அதற்கும் முன்னால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மாட்டுக்கு எதையும் கொடுத்திருக்கக் கூடாது.

நம் நாட்டு டிவியிலும் இருந்தது

இப்படிக் கேள்வி கேட்க வைக்கும் நிகழ்ச்சிகள் வெளிநாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. 1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டு, இந்தியாவில் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு செயற்கைக்கோள் வழியாக டிவி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. விவசாயம், உடல்நலம், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எல்லாம் அதில் வந்தன. ஊர் கூடி ஒரே பெட்டியில் பார்த்தார்கள். அப்போது இந்த வேலையைச் செய்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்குத் தலைமை வகித்தவர் பேராசிரியர் யஷ்பால்.

அவரே 1990-களில் தூர்தர்ஷனில் 'டர்னிங் பாயின்ட்' என்ற நிகழ்ச்சியில் வந்தார். நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல், வீட்டுப் பெரியவர் பேசுவதுபோல் பதில் சொன்னார். 2017-ல் அவர் காலமானார்.

டிவி எப்படியும் பயன்படும் என்பதற்கு ஒரு உதாரணம். 1980 பிப்ரவரி 16 அன்று முழு சூரிய கிரகணம். ஜனங்கள் வெளியே வராமல் இருக்கட்டும் என்று தூர்தர்ஷன் சினிமாப் படம் போட்டது! 1995 அக்டோபர் 24 அன்று அடுத்த முழு கிரகணம். இந்த முறை அதே தூர்தர்ஷன் கிரகணத்தையே நேரடியாகக் காட்டியது. யஷ்பால் விளக்கம் சொன்னார். பெட்டி அதேதான், உள்ளே இருந்து பேசிய விதம் மாறிவிட்டது.

நம் ஊர்களில் இன்றும் கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணைச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருட்டறையில் உட்கார வைக்கிறோம். கிரகணம் என்பது நிலா சூரியனை மறைக்கும் நிழல். அதனால் வயிற்றுப் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பட்டினிதான் தாய்க்குக் கஷ்டம். ஒன்றே ஒன்று ஜாக்கிரதை: சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. அதற்கான கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளைய கிரகணம் தெரிந்தபோது, பிள்ளைகள் அப்படித்தான் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

 தமிழில் இந்த வேலையைப் புத்தகமாகச் செய்தவர்களும் உண்டு. நாங்கள் தங்கிய அதே கோபாலபுரத்தில், அவ்வை சண்முகம் சாலை முகவரியோடு பல ஆண்டுகள் வந்த சிறுவர் அறிவியல் மாத இதழ் 'துளிர்'. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் தொடங்கியது. கிடைக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளே செய்து பார்க்கும் சோதனைகள் அதில் இருக்கும். டிவியில், தமிழக அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய 'கல்வித் தொலைக்காட்சி'யில் பள்ளிப் பாடங்கள் வருகின்றன. பிள்ளை பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். நமக்கும் புரியும்.

எதை நம்புவது?

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால், நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பெட்டி வந்தது. பெட்டியில் வருவதெல்லாம் அறிவியல் அல்ல. வெள்ளைக் கோட்டு போட்டவர் விளம்பரத்தில் வந்து "நிரூபிக்கப்பட்டது" என்று சொன்னால் போதாது. "யார் சோதித்தார்கள், எப்படி?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். நல்ல நிகழ்ச்சி, எப்படித் தெரிந்தது என்பதைக் காட்டும். மற்றது, என்ன வாங்கணும் என்பதை மட்டும் சொல்லும்.

கேள்வி கேட்டால் திமிர் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. உள்கடனுக்கு ரசீது கேட்கிறோமே, பாஸ்புக்கில் வரவு சரிபார்க்கிறோமே, அது யாரையும் அவமதிக்கவா? அதே பழக்கம்தான் இதுவும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

"இதை வாங்கினால் நல்ல பலன்" என்று யாராவது வந்தால், கடன் தீர்மானம் எழுதும் முன் ஊக்குநர் இந்த நாலு கேள்வியைச் சத்தமாகக் கேட்கட்டும்:

1. பலன் கிடைத்தவருக்கு அதே நேரத்தில் வேறு என்ன மாறியிருந்தது?
2. பலன் கிடைக்காதவர் எத்தனை பேர்? அவர்களைக் கேட்டோமா?
3. நிறுத்திப் பார்த்தோமா? அளந்து எழுதி வைத்தோமா?
4. விற்பவர் அல்லாத, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டோமா?

எங்கள் குழுவில் இப்போது இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஏழு பேரும் கடனைக் கட்டி முடித்துவிட்டார்கள். போன வாரம் முடி வளரும் எண்ணெய் என்று ஒருவர் வந்தார். முதலில் பவுடர் வாங்கிய அதே சகோதரிதான் எழுந்து, "அண்ணே, தடவியும் வளராதவங்க யாராச்சும் இருக்காங்களா? அவங்க போன் நம்பர் குடுங்க" என்று கேட்டார்.

கூட்டமே சிரித்தது. அவர் பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.