பழங்குடியினர் பட்டாவில் மனைவியின் பெயர்: எட்டாண்டுகள் காத்திருந்த தமிழகம்

புதுதில்லி: பழங்குடிக் குடும்பங்களின் முன்னேற்றம் குறித்து நாடாளுமன்றத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. உருப்படியாக நடந்தது, 2006 டிசம்பரில் நிறைவேறிய வன உரிமைச் சட்டம். மணமானவராயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே பட்டா என்கிறது அதன் 4-வது பிரிவு. அதிகபட்சம் 4 ஹெக்டேர். வாரிசுக்குச் சேரும், விற்க இயலாது. ஆகவே, கடன் கொடுத்தவர் எழுதி வாங்கவும் வழியில்லை.

தமிழகத்திலோ, தன் அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாதென 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் அத்தடை நீங்க 2016 ஆயிற்று. இடையே, 2011-லேயே கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கசாமி மலைச் சோளகர்கள் சமூக வன உரிமை பெற்றுவிட்டனர். எல்லைக்கு இப்பால் சத்தியமங்கலம் மலையில் வாழும் அதே இனத்தவரின் குடும்பங்கள், அடுத்த ஐந்தாண்டுகளும் நீதிமன்றத்தையே பார்த்திருந்தன.